கனவில் பாபின் தீராது

கார்மென்ட்ஸ் லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருத்தி ஈஜிபுராவில் என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தாள். பேர் போடவில்லை. படித்தால் அவளுக்கே தெரியும். காபி கொடுத்தேன். குடித்து முடித்தும் டம்ளரை உடனே கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு கேட்டாள்.

"ஆன்ட்டி, கனவு வரும்போதே இது கனவுன்னு தெரிஞ்சுக்கலாமாமே? தெரிஞ்சா நம்ம இஷ்டத்துக்கு நடத்திக்கலாமாம். என் தம்பி பிரவுசிங் சென்டர்ல படிச்சிட்டு வந்து சொன்னான். நம்ம கம்பெனியில உங்க காலத்துலயே யாரோ பண்ணாங்கன்னு சொல்றாங்க. அதுல ஆபத்து எதுவும் இல்லையே? வேணாம்னா விட்டுட முடியுமா?"

நான் "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாய் வராதது எனக்குப் புதிதில்லை. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. அஞ்சாவது வரை படித்தவள் எழுத்து, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவிரித் தண்ணிக்காகப் பெங்களூரில் கலவரம் நடந்ததே, அதற்கு அடுத்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்புவார். ஏற்கெனவே பேசாதவளுக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. ஓசூர் ரோட்டில் அப்போது இருந்த ஃப்ளோருக்கு ஒரே பக்கம்தான் ஜன்னல். எனக்குச் சட்டைக் காலர் தைக்கிற வேலை கொடுத்தார்கள். வலது பக்கத்து மெஷினில் ஒரு அக்கா இருந்தார். அவர் பேரும் போடவில்லை. ஒக்கலிபுரத்துக்காரர், அப்பா ரயில்வேயில் இருந்தவர். கன்னடம் தண்ணி மாதிரி பேசுவார்.

எங்கள் லைன் முழுக்க அந்த அக்காவின் வாயை நம்பித்தான் இருந்தது. பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும், உங்களுக்கும் தெரியும். ஒரு தடவை சூப்பர்வைசர் ஒரு பெண்ணுக்கு டோக்கன் தரவில்லை. அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கவேயில்லை. உட்கார்ந்தபடியே கன்னடத்தில், ஃப்ளோர் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சரி சார், ஒரு பக்கெட் கொண்டுவந்து இங்கயே வெச்சிடுங்க. நீங்களே ஊத்திடுவீங்க இல்ல?" என்றார். ஆம்பளைக்கு முகம் சிவந்துபோயிற்று. டோக்கன் தானாக வந்தது. என் டோக்கனைக்கூட அக்காதான் கேட்டு வாங்கித் தருவார். "இதோ இவளுக்கும்" என்பார். எனக்கு அது போதும்.

கனவு விஷயத்துக்கு வருகிறேன். பகல் முழுக்கக் காலர் தைத்தவளுக்கு ராத்திரி எதில் கனவு வரும்? காலரில்தான் வரும். வெள்ளைக் காலர் பண்டல் பண்டலாக வந்துகொண்டே இருக்கும், நான் தைத்துக்கொண்டே இருப்பேன். தூக்கத்தில் என் வலது கால் பெடல் மிதிக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வார். காலையில் எழுந்தால் இரண்டு ஷிஃப்ட் பார்த்த மாதிரி இருக்கும். கேட்டுப் பார்த்தால் லைனில் எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அக்கா கேட்டார்: "ஏய், கனவுல என்னிக்காவது உனக்கு பாபின் தீர்ந்திருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். மேல்நூல் கோன் பெரிதாக நிற்கும், நாள் முழுக்க வரும். அடியில் சுற்றுகிற அந்தச் சின்ன பாபினில் எவ்வளவு நூல் பிடிக்கும்? தீரும், மாற்றுவோம், திரும்பத் தீரும். அதுதான் எங்கள் பிழைப்பு. ஆனால் கனவில் அது தீர்ந்ததேயில்லை.

"எனக்கும் தீரலை," என்றார் அக்கா. "நேத்து கனவுல தைக்கிறேன் தைக்கிறேன், தீரவே இல்லை. என்னடா இதுன்னு தோணிச்சு. அட, இது கனவு. அப்படியே எழுந்து நின்னுட்டேன்டி."

அதைப் பழகிக்கொள்ளும் வழியையும் அவரே கண்டுபிடித்தார். பகலில் ஒவ்வொரு தடவை பாபின் தீரும்போதும் மனசுக்குள் "தீர்ந்துடுச்சு, நான் முழிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வரும். அங்கே தீராது. தீராவிட்டால் தெரிந்துவிடும்.

எனக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று. வந்த அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மெஷினை விட்டு எழுந்தேன். டோக்கன் கேட்காமல் பாத்ரூமுக்கு நடந்தேன். நிதானமாக முகம் கழுவினேன். முழிப்பு வந்துவிட்டது. மறுநாள் அக்காவிடம் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது.

"கனவுலகூட உனக்கு பாத்ரூம்தான் கெடச்சுதா? கேட்டைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது?"

நாங்கள் அதற்குத் தெரிஞ்ச கனவு என்று பேர் வைத்தோம். மற்றதெல்லாம் தெரியாத கனவு. சாப்பாட்டு வேளையில் சாம்பாரோடு அதையும் பங்கு போட்டுக்கொள்வோம். அக்கா தன் கனவில் சூப்பர்வைசரைக் காலர் மெஷினில் உட்கார வைத்து, பின்னால் நின்று "பேக, பேக" என்று விரட்டுவாராம். சீக்கிரம் சீக்கிரம் என்று அவன் எங்களை விரட்டுகிற அதே குரலில். நானும் மெல்ல மெல்லத் துணிந்தேன். ஒரு நாள் கனவில் அவனை நிற்க வைத்து நன்றாகத் திட்டினேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. காலையில் பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில் வந்து ஆபத்தா என்று கேட்டிருந்தால், இல்லவே இல்லை என்று சொல்லியிருப்பேன். தலை கொஞ்சம் பாரமாக இருக்கும். வீட்டுக்காரரிடம் ஒரு விஷயத்தை நிஜமாகச் சொன்னேனா, கனவில் சொன்னேனா என்று எப்போதாவது குழம்பும். அவ்வளவுதான். எங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷத்துக்கு அது பெரிய விலையாகத் தெரியவில்லை.

மாறுதலை முதலில் கவனித்தது சூப்பர்வைசர்தான். ஒரு நாள் ஃப்ளோர் இன்சார்ஜிடம் அக்காவைக் காட்டி, "ஈக சும்னே இர்தாளே" என்றான். இப்போதெல்லாம் சும்மா இருக்கிறாள் என்று. அப்போதுதான் நானும் யோசித்தேன். அக்கா சத்தம் போட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று? டோக்கன் மறுத்தால்கூடப் புன்னகைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தபோதும் அப்படித்தான்.

"ஏன்க்கா, இப்பல்லாம் நீங்க எதையும் கேக்கறதே இல்லை?" என்றேன்.

"நேத்தே கேட்டுட்டேனே," என்றார் சிரித்துக்கொண்டு. "நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். பாவம், அழுதுட்டான்."

நானும் சிரித்தேன். பகலில் கேட்க வேண்டியதெல்லாம் கனவிலேயே செலவாகிப் போகிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கோபத்தோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர், அதைக் கனவிலேயே தீர்த்துவிட்டு ஆறிப்போய் வர ஆரம்பித்திருந்தார். எங்கள் லைனுக்கு இருந்த ஒரே வாய் அது.

எங்களுக்கு முன் மெஷினில் மஞ்சு என்று ஒரு பெண் இருந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம். கல்யாணமாகி வந்து முதல் பிள்ளை, வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. எங்கள் சாப்பாட்டுப் பேச்சைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள், எதுவும் பேச மாட்டாள். ஒரு நாள் மத்தியானம் இடுப்பில் வலி என்று வீட்டுக்குப் போகக் கேட்டாள். சூப்பர்வைசர் ஷிப்மென்ட் போகட்டும் என்றான். அவனைச் சொல்லி என்ன, அவன் கழுத்தில் இன்சார்ஜ், இன்சார்ஜ் கழுத்தில் இன்னொருத்தன். மஞ்சு திரும்பி அக்காவைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"கவலைப்படாதடி, நான் பேசறேன்," என்றார் அக்கா.

அன்றைக்குச் சாயங்காலம்வரை பேசவில்லை.

மறுநாள் காலை மெஷினைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மஞ்சு விஷயத்தை முடிச்சிட்டேன். நானே தூக்கிட்டுப் போய் ஆட்டோவுல ஏத்தினேன். அவன் கேட் பக்கத்துல கையைக் கட்டிட்டு நின்னான் பாரு."

எனக்குப் பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மஞ்சு எங்களுக்கு முன்னால்தான் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

அன்றைக்கே சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னால் நடந்தது இது. மஞ்சு மெஷின்மேல் தலையைச் சாய்த்தாள். தூக்கம் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலுக்குக் கீழே சிமெண்ட் தரை நனைந்திருந்தது. எதனால் நனைந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்காவின் தோளைத் தொட்டேன்.

"அக்கா, மஞ்சுவைப் பாருங்க."

"பார்த்துட்டேன். இரு."

அவர் கால் பெடலை விட்டு நகரவில்லை. கண் ஊசிமேல் இருந்தது. காலர் ஒன்று முடிந்து அடுத்தது ஏறிற்று.

"அக்கா!"

"இருடி. பாபின் தீரட்டும்."

உங்களுக்கு இது பைத்தியம் மாதிரி இருக்கும். எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே பழக்கத்தைப் பழகியவள் நான். முந்தின ராத்திரிதான் அவர் இதையே பார்த்திருக்கிறார். எழுந்து ஓடித் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் மஞ்சு மெஷினில் இருக்கிறாள். இந்தத் தடவை ஏமாறக் கூடாது, இது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு எழுந்திருக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்போதுதான் புது பாபின் போட்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். கூப்பிட வாயைத் திறந்தேன். கனவில் அத்தனை சத்தம் போட்ட வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கை மட்டும் டேபிளுக்கு அடியில் போய் என் மோட்டாரை அணைத்தது. குனிந்து அக்காவின் மோட்டாரையும் அணைத்தேன். நடு லைனில் இரண்டு மெஷின் நின்றால் சூப்பர்வைசர் காதுக்கு உடனே கேட்டுவிடும். "ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று கத்திக்கொண்டு என்னை அடிக்க வருகிறவன் மாதிரி வந்தான். நான் தரையைக் காட்டினேன். அவன்தான் கம்பெனி வேனுக்கு ஓடினான், அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கினார்கள்.

மஞ்சு பிழைத்துக்கொண்டாள். பிள்ளை போய்விட்டது. நேற்றே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சொன்னாளாம். அதை ஏன் சொன்னாளோ.

வேன் போன பிறகு அக்கா தன் மெஷினைத் திறந்து பாபினை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாதி இருக்கு," என்றார். தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். லைனில் ஒருத்தி தலை சாய்த்தால் முதலில் மோட்டாரை அணையுங்கள். வாய் வராதவளுக்கும் கை வரும். கனவா நிஜமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கனவாக இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

விட முடியுமா என்பதுதான் இரண்டாவது கேள்வி. அக்காவே அதைத்தான் கேட்டார், ஒரு டாக்டரிடம். நான் லீவு போட்டுக் கூடப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி, சின்ன வயசு டாக்டர், பொறுமையாகக் கேட்டார். இது வியாதி இல்லை, நிறையப் பேருக்குத் தானாகவே வருகிறது, இதனால் பைத்தியம் பிடிக்காது என்றார். ஆனால் வேண்டுமென்றே பழகினால் தூக்கம் கெடும், பழகுவதை நிறுத்துங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும் என்றார். பகலிலேயே கனவா நிஜமா என்று குழப்பம் வந்தால் உடனே திரும்ப வரச் சொன்னார். அக்காவுக்கு மாத்திரையும் எழுதினார்.

டாக்டர் சொன்னது பொய்யில்லை. எனக்கு அப்படித்தான் நடந்தது. கெஞ்சிக் கூத்தாடிச் செக்கிங் டேபிளுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே பாபினே இல்லை, நூல் வெட்டிக் கறை பார்க்கிற வேலைதான். மனசுக்குள் சொல்லிக்கொள்வதை நிறுத்தினேன். அந்தக் கனவு எப்போது நின்றது என்றுகூடத் தெரியாமல் நின்றுபோயிற்று. இப்போதெல்லாம் எல்லோரையும் போலத்தான். என் அம்மா பஸ் ஓட்டுகிறார், நான் அவரிடமே டிக்கெட் எடுக்கிறேன். அது கனவென்று காலையில்தான் தெரிகிறது. அப்படி ஏமாறுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

அக்காவுக்கு அப்படி நடக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மெஜஸ்டிக்கில் அவர் பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன். "விட்டுட்டீங்களாக்கா?"

"இப்ப பாபினைப் பாக்கறதே இல்லை. பாக்காமலே தெரிஞ்சிடுது," என்றார். "மஞ்சு தலையைச் சாய்க்கிறா. உடனே எழுந்துடறேன். தூக்கிட்டு ஓடறேன். கேட்டு தொறந்தே இருக்கு."

"டாக்டர் விடச் சொன்னாரே."

"விட்டா அங்கயும் உக்காந்துட்டுதான்டி இருப்பேன்."

அவர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். உங்களில் யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.

கொஞ்ச நாளில் அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒக்கலிபுரத்துக்குப் போய்ப் பார்த்தேன். பட்டப்பகல், வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம், உள்ளே அவர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். "எப்பப் பாரு இப்படித்தான், சாப்பிடக்கூட எழுப்பணும்," என்றாள் மருமகள். டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போனார்களாம், பிரயோஜனமில்லையாம். என் குரலுக்குக் கண் திறந்தார். என்னைத் தெரிந்தது.

"மஞ்சு எப்படி இருக்கா?"

"வேலைக்கு வந்துட்டாக்கா."

"பிள்ளை?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓ. இங்க அப்படியா," என்றார் அக்கா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் நான் போகவில்லை. போனால் அவரை எழுப்ப வேண்டியிருக்கும்.

மஞ்சு வேலைக்கு வந்துவிட்டாள் என்று சொன்னேன் இல்லையா, அதே லைன், அதே ஸ்டூல். வேறு ஸ்டூல் கேட்டாளாம், இல்லை என்றுவிட்டார்களாம். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் என் டேபிளுக்கு வந்தாள்.

"அக்கா, அதை எனக்குச் சொல்லிக் குடுங்க."

"எதைம்மா?"

"தெரிஞ்ச கனவை. நான் சும்மா கனவு கண்டா குழந்தை அழற சத்தம் மட்டும்தான் வருது. எங்கன்னு தேடறதுக்குள்ள முழிப்பு வந்துடுது. கனவுன்னு தெரிஞ்சா நின்னு தேடலாமில்ல? எனக்கு மூஞ்சியக் காட்டவே இல்லைக்கா. துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்படி ஒண்ணும் கெடையாது மஞ்சு," என்றேன். "நாங்க சும்மா சிரிக்கறதுக்காகப் பேசிக்கிட்டது."

அவள் என்னையே பார்த்தாள். எத்தனை நாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். "சரிக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செக்கிங் டேபிளிலிருந்து அவள் மெஷின் நேராகத் தெரியும். பாபின் தீர்ந்தால் மற்ற பெண்கள் பார்க்காமலே கையை விட்டு மாற்றுவார்கள். மஞ்சு நிறுத்துவாள். காலி பாபினை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். உதடு அசையும். "பேக, பேக" என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கம்பெனி இடம் மாறுகிறவரை நான் பார்த்தது அதைத்தான். அப்புறம் அவள் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்த பெண்ணே, இனி உனக்கு மட்டும். ஆபத்தா என்று கேட்டாய், விட முடியுமா என்று கேட்டாய். இன்னும் ஆரம்பிக்காதவள் கேட்கிற மாதிரிதான் கேட்டாய். காபி தீர்ந்த பிறகு டம்ளரைச் சாய்த்து அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்போது உன் உதடு அசைந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அங்கே நீ யாரைத் தேடுகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்றுதான் எனக்குக் கேட்க வந்தது.